பிள்ளைகளோடும் நாயோடும் டொராண்டோவுக்குக் குடிபெயர்கிறவர்கள் கட்டுப்படியாகும் வாடகை வீடு பிடிப்பது எப்படி?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வாடகை ஒப்பந்தத்தில் ‘நாய், பூனை வளர்க்கக் கூடாது’ என்று எழுதியிருந்தால் அந்த வரி செல்லாது. 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. இதை ஊரிலிருந்தபோதே படித்துவிட்டு நிம்மதியாக வந்திறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வந்த இரண்டாவது வாரத்தில்தான் அந்தப் பிரிவின் மறுபக்கம் புரிந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் சட்டம் நம் பக்கம் வந்து நிற்கிறது. அதற்கு முன்பு, நாய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வீடு தர மறுக்க உரிமையாளருக்கு எந்தத் தடையும் இல்லை. ஆகவே, எந்த வகைக் கட்டடத்தில் தேடுவது, எந்தத் தாள்களோடு போவது, எவ்வளவு பணம் கொடுப்பது என்பவற்றைக் கையெழுத்துக்கு முந்தைய அந்தச் சில வாரங்களை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

எந்தக் கட்டடம்?

டொராண்டோவில் வாடகைக்குக் கிடைப்பவற்றைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம். தனியார் வீடுகளின் நிலவறைத் தளமான பேஸ்மென்ட், தனித்தனி உரிமையாளர்கள் வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீடான கான்டோ, வாடகைக்கென்றே கட்டப்பட்டு ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் பழைய அடுக்குமாடி ஆகியவையே அவை. புதிதாக வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது பளபளப்பான கான்டோதான். குழந்தைகளும் நாயும் உள்ள குடும்பம் முதலில் ஏறி இறங்க வேண்டியது மூன்றாவது வகையில் என்பது என் தீர்மானமான கருத்து.

காரணம் இதுதான். கான்டோவில் உரிமையாளர் சம்மதித்தால் மட்டும் போதாது. அந்தக் கட்டடத்தின் கூட்டுநிர்வாகம் இயற்றிய விதிகள் வாடகைக்கு இருப்பவரையும் கட்டுப்படுத்தும். சில கட்டடங்களில் விலங்குகளுக்கு முழுத் தடை உண்டு. சிலவற்றில் 25 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11 கிலோ என்பது போன்ற எடை வரம்பு உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை வகை நாயை வைத்திருப்பவர்கள் அந்த வரம்பைக் கேட்ட உடனே அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடலாம். கான்டோதான் வேண்டுமென்றால், கட்டடத்தின் விலங்கு விதியை எழுத்தில் வாங்கிப் படித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். ‘அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை’ என்று தரகர் சொல்லும் வார்த்தையை நம்பிக் கையெழுத்திடக் கூடாது. புகார் வந்தால் பதில் சொல்லப் போவது தரகர் அல்ல.

இன்னொரு வேறுபாடு வாடகை உயர்வில் இருக்கிறது. 2018 நவம்பர் 15ஆம் தேதிக்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு மாகாணத்தின் ஆண்டு உயர்வு வரம்பு பொருந்தாது. அவற்றின் உரிமையாளர் 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை, தாம் விரும்பும் அளவுக்கு உயர்த்தலாம். பழைய கட்டடங்களுக்கு வரம்பு உண்டு; 2025ஆம் ஆண்டுக்கு 2.5 சதவீதம், 2026ஆம் ஆண்டுக்கு 2.1 சதவீதம். மாதம் 2,400 டாலர் வாடகை என்று வைத்துக்கொண்டால், 2026இல் பழைய கட்டடத்தில் உயர்வு 50 டாலர் 40 காசுக்கு மேல் போக முடியாது. புதிய கான்டோவில் அதே வாடகைக்கு 300 டாலர் உயர்வு கேட்டாலும் சட்டத்தில் தடையில்லை. ‘முதல் மாதம் இலவசம்’ என்று புதுக் கட்டடங்கள் தரும் சலுகையையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே எடை போட வேண்டும். பழைய கட்டடத்திலும் பெரிய பழுதுபார்ப்புச் செலவைக் காட்டி, வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் நில உரிமையாளர்–குடியிருப்பாளர் வாரியத்தின் அனுமதியோடு ஆண்டுக்கு 3 சதவீதம் வரை கூடுதலாக உயர்த்த முடியும் என்பதால், அப்படி ஏதேனும் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

1960களிலும் 70களிலும் எழுந்த இந்தக் கட்டடங்கள் தோர்ன்கிளிஃப் பார்க், ஃபிளெமிங்டன் பார்க், கிரசன்ட் டவுன், ஸ்கார்பரோவின் எக்ளின்டன், லாரன்ஸ், மார்க்கம் சாலைகளை ஒட்டிய பகுதிகள் என நகரெங்கும் இருக்கின்றன. இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல முதலில் கால் ஊன்றிய செயின்ட் ஜேம்ஸ் டவுனும் இவ்வகைதான். அறைகள் கான்டோவைவிட விசாலமாக இருக்கும். வெப்பமும் தண்ணீரும் பெரும்பாலும் வாடகைக்குள்ளேயே அடங்கிவிடும். குறைகளும் உண்டு. மின்தூக்கி அடிக்கடி நின்றுபோகும், கரப்பானும் மூட்டைப்பூச்சியும் இருக்கலாம், சலவை இயந்திரம் கீழ்த்தளத்தில் பொதுவாக இருக்கும். மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத வாடகைக் கட்டடங்களை டொராண்டோ நகராட்சி ‘ரென்ட்சேஃப்டிஓ’ என்ற திட்டத்தின்கீழ் ஆய்வு செய்து மதிப்பெண் வெளியிடுகிறது. வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன் அந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். இத்தகைய கட்டடங்களில் காலியிடம் பற்றி வெளி விளம்பரம் வராமலும் இருக்கலாம் என்பதால், வாசலில் உள்ள பலகையின் எண்ணுக்கு அழைப்பதும், நேரே அலுவலகத்துக்குள் நுழைந்து கேட்பதும் இன்றும் பலன் தரும் வழிகள்.

பேஸ்மென்டை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. கையிருப்பு குறைவாக இருப்பவர்களுக்கு அதுவே முதல் படிக்கட்டு. நாங்கள் பார்த்த முதல் வீடும் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்தான். உரிமையாளர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். தேநீர் கொடுத்து உட்காரவைத்தார். “தம்பி, பிள்ளையள் எத்தினை பேரெண்டாலும் பரவாயில்லை. நாய் மட்டும் வேண்டாம், அம்மாவுக்கு ஒத்துவராது” என்றார். அவர் வெளிப்படையாகச் சொன்னதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். மறுநாள் வேறொருவர் நாய்க்குச் சம்மதித்தார். ஆனால் படுக்கையறை ஜன்னல் மேசை நாட்காட்டி அளவுக்குத்தான் இருந்தது. தீ பிடித்தால் ஒரு குழந்தைகூட அதன் வழியாக வெளியேற முடியாது. பேஸ்மென்டில் ஜன்னலின் அளவு, புகை எச்சரிப்பான், கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான், தனி வாசல், சுவரின் அடிப்பகுதியில் ஈரக்கறை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஹைட்ரோ என்று இங்கே அழைக்கப்படும் மின்கட்டணத்திலும் எரிவாயு, தண்ணீர்க் கட்டணங்களிலும் உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்டு, கடந்த குளிர்காலத்தின் பில்லைக் காட்டச் சொல்ல வேண்டும்.

பேஸ்மென்டிலோ தனி அறையிலோ சமையலறையையோ குளியலறையையோ உரிமையாளரின் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்றால், நான் முதலில் சொன்ன வாடகைச் சட்டமே பொருந்தாது. 14ஆவது பிரிவும் கிடையாது, உயர்வு வரம்பும் கிடையாது. நாயோடு வருகிறவர்கள் அத்தகைய ஏற்பாட்டைத் தற்காலிகத் தங்கலாக மட்டுமே கருத வேண்டும்.

எந்த ஊர்?

நகர மையத்தை விட்டு விலக விலக வாடகை குறையும் என்பது இங்கும் உண்மைதான் என்றாலும், மார்க்கம் போன்ற சில புறநகர்கள் இதற்கு விதிவிலக்கு. 2024 பிப்ரவரி 26 முதல் டொராண்டோ நகரப் போக்குவரத்தான டிடிசி, புறநகர்களை இணைக்கும் கோ ரயில், டர்ஹம், யார்க், பிராம்ப்டன், மிசிசாகா பேருந்துகள் ஆகியவற்றுக்கு இடையே மாறும்போது இருமுறை கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆகவே டர்ஹம் பகுதியிலுள்ள பிக்கரிங், ஏஜாக்ஸ் போன்ற இடங்களை முன்பைவிடத் துணிந்து பரிசீலிக்கலாம். ஸ்கார்பரோவில் தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய விளம்பரங்களும் பழைய வரைபடங்களும் காட்டும் ஸ்கார்பரோ ஆர்டி ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு நிரந்தரமாக நின்றுவிட்டது. அந்த வழித்தடத்தில் இப்போது பேருந்துதான். வேலை எங்கே என்பது இன்னும் முடிவாகாதவர்கள் ஒன்டாரியோவிலேயே உள்ள ஹாமில்டன், லண்டன், வின்ட்சர் ஆகிய நகரங்களையும் ஒதுக்கிவிட வேண்டாம். அங்கே அதே பணத்துக்குப் பின்கட்டு முற்றத்தோடு வீடு கிடைக்க வாய்ப்பு அதிகம். நாய்க்கு அது சொர்க்கம்.

எப்போது, எந்த வரிசையில்?

வீடு முடிவாகும் முன் நாயை அழைத்து வராதீர்கள். எங்கள் அனுபவத்தில் நாங்கள் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். எங்கள் மணியைத் திருச்சியில் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். வீடு கிடைத்து இரண்டரை மாதம் கழித்து அவன் வந்து சேர்ந்தான். விலங்கை உடன் வைத்துக்கொண்டு தற்காலிகத் தங்கல் தேடினால் செலவு கூடுவதோடு, அவசரத்தில் முதலில் கிடைத்த வீட்டுக்குத் தலையாட்ட வேண்டிவரும். ஊரில் விட்டுவர யாருமில்லாதவர்கள், குடும்பத்தில் ஒருவர் முன்னதாக வந்து வீடு பிடிப்பதையும் மற்றவர்கள் பிறகு வருவதையும் யோசிக்கலாம்.

இந்தியாவிலிருந்து நாயைக் கொண்டுவர வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழும், இந்தியத் தரப்பில் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் அனுமதியும் தேவை. அந்த அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 28 முதல் இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து விற்பனைக்கோ தத்துக்கோ நாய் கொண்டுவருவதைக் கனடா தடைசெய்திருக்கிறது. சொந்த நாயைச் சொந்தக்காரரே கொண்டுவருவது வேறு வகை என்பதால், நாய் உங்களுடையதுதான் என்று காட்டும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் உரிமத்தையும் பத்திரப்படுத்துங்கள். பிட்புல் வகை நாய்களுக்கு ஒன்டாரியோவில் 2005 முதல் தடை உள்ளது. அதற்கு மாற்றுவழி கிடையாது. பல விமான நிறுவனங்கள் கடுங்கோடையிலும் கடுங்குளிரிலும் சரக்குப் பகுதியில் விலங்குகளை ஏற்பதில்லை. பக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். இதனால் வசந்தமோ இலையுதிர்காலமோதான் நாய்க்கு உகந்த பயணக் காலம். வீடு தேடுவதற்கோ போட்டி குறைந்த குளிர்கால மாதங்களே நல்லவை. பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் திறக்கும் செப்டம்பரை ஒட்டித் தேடுகிறவர்கள் கூட்டத்தோடு மோத வேண்டிவரும்.

கையில் என்ன தாள்கள்?

உரிமையாளர்கள் கேட்பது வேலை உறுதிக்கடிதம், அண்மைச் சம்பளச் சீட்டுகள், கடனைத் திருப்பிச் செலுத்திய வரலாற்றைக் காட்டும் கடன் மதிப்பெண், முந்தைய உரிமையாளரின் பரிந்துரை ஆகியவை. புதிதாக வந்தவரிடம் கடன் மதிப்பெண் இருக்காது. இல்லாத வரலாற்றை மோசமான வரலாறாகக் கருதக் கூடாது என்பது ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. ‘குழந்தைகள் சத்தம் போடுவார்கள்’ என்று சொல்லி வீடு மறுப்பதும் மனித உரிமைச் சட்டத்துக்கு மாறானது. ஆனால் பத்து விண்ணப்பங்கள் வந்த வீட்டுக்கு உங்களை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்று யாரும் காரணம் எழுதித் தரப் போவதில்லை என்பதால், உரிமையை மனத்தில் வைத்துக்கொண்டு தாள்களைக் கையில் வைத்துக்கொள்வதே நடைமுறை. வேலை உறுதிக்கடிதம், வங்கி இருப்புச் சான்று, ஊரில் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் ஆங்கிலத்தில் தந்த கடிதம், இங்கேயே வேலையிலிருக்கும் உறவினரோ நண்பரோ பிணையாளராக நிற்பதற்கான ஒப்புதல் ஆகிய நான்கும் ஒரே கோப்பில் இருந்தால் அது கடன் மதிப்பெண்ணின் இடத்தைப் பெருமளவு நிரப்பும்.

நாய்க்கும் ஒரு பக்கம் தயாரிக்க வேண்டும். எங்கள் மணிக்கு நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: ‘பெயர் மணி. வயது ஆறு. கலப்பினம். எடை 17 கிலோ, 37 பவுண்டு. கருத்தடை செய்யப்பட்டவன். தடுப்பூசிகள் அனைத்தும் நடப்பில் உள்ளன. எட்டு ஆண்டுகள் நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் தரைக்கும் கதவுக்கும் எந்தச் சேதமும் இல்லை என்று தந்த கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. பகலில் வீட்டில் ஒருவர் எப்போதும் இருப்பார்.’ கூடவே ஒரு படம். அதில் மணி உட்கார்ந்திருக்க வேண்டும், பல் தெரியக் கூடாது. வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் படத்தில் நாயின் நாக்கு தொங்கினாலே சிலர் மிரளுகிறார்கள். நாட்டு நாய் என்றால் தெரு நாயா என்று ஒரு தரகர் என்னிடம் கேட்டார். ‘கலப்பினம்’ என்ற ஒற்றைச் சொல் அந்த உரையாடலைச் சுருக்கிவிடும். குடியிருப்போர் காப்பீடு எடுக்கப் போவதையும், நாய் யாரையேனும் கடித்தால் ஏற்படும் பொறுப்பு அதில் அடங்குவதையும் அந்தப் பக்கத்தின் கடைசி வரியாகச் சேர்த்த பிறகு எங்களுக்குப் பதில் அழைப்புகள் கூடின.

நாயை மறைத்து வீடு பிடித்துவிட்டு, பிறகு 14ஆவது பிரிவைக் காட்டலாம் என்ற யோசனை இங்கே பரவலாகச் சொல்லப்படுகிறது. விலங்கு பற்றி யாருமே கேட்காத பழைய அடுக்குமாடி அலுவலகத்தில் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் நேராகக் கேட்டிருந்தால் பொய் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேல்மாடியிலேயே உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் அப்படிப் பொய்யோடு தொடங்கினால் ஒவ்வொரு நாளும் முகம் பார்க்க முடியாமல் போகும். மேலும், நாயால் உரிமையாளருக்கோ இன்னொரு குடியிருப்பவருக்கோ கடும் ஒவ்வாமை ஏற்பட்டாலோ, சேதமோ தொல்லையோ விளைந்தாலோ, வெளியேற்றக் கோரி உரிமையாளர் வாரியத்துக்குப் போக முடியும்.

எவ்வளவு பணம், எதற்கு?

ஒன்டாரியோவில் உரிமையாளர் கேட்கக்கூடிய முன்பணம் கடைசி மாத வாடகை மட்டுமே. முதல் மாத வாடகையோடு சேர்த்து, ‘ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட்’ என்று இங்கே சொல்லுவார்கள். 2,400 டாலர் வீட்டுக்குக் கையெழுத்து நாளில் 4,800 டாலர் ஆகும். சாவிக்கு ஒரு சிறு வைப்புத்தொகை வாங்கலாம். அது சாவியின் உண்மையான விலையைத் தாண்டக் கூடாது, திருப்பித் தரவும் வேண்டும். சேத வைப்புத்தொகை, நாய்க்கான வைப்புத்தொகை, நாய்க்கான மாதக் கட்டணம் ஆகியவை சட்டவிரோதம். எங்களிடம் ஒருவர் நாய்க்கென்று தனியாக 800 டாலர் கேட்டார். சட்டத்தில் இடமில்லை என்று மரியாதையாகச் சொன்னேன், வீடு கைநழுவியது. அந்த 800 டாலரைக் கொடுத்திருந்தால், பிறகு நில உரிமையாளர்–குடியிருப்பாளர் வாரியத்தில் டி1 படிவம் போட்டு ஓராண்டுக்குள் திரும்பக் கேட்டிருக்கலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த வழியை எடுப்பதும் விடுவதும் உங்கள் மனத்திட்பத்தைப் பொறுத்தது.

கடன் மதிப்பெண் இல்லாதவர்களிடம் ஆறு மாதம், ஓராண்டு வாடகையை முன்கூட்டியே கேட்பது சகஜமாகிவிட்டது. அப்படி வற்புறுத்த உரிமையாளருக்கு உரிமையில்லை. நீங்களாக முன்வந்து தரவும் வேண்டாம் என்பேன், ஏனென்றால் புதிய நாட்டில் முதல் ஆறு மாதம் கையிலிருக்கும் பணத்துக்கு ஈடு எதுவுமில்லை. பிணையாளர் ஒருவரைக் காட்டுவதே மேல்.

வீட்டை நேரில் பார்க்காமல், உங்கள் சார்பில் யாரும் பாராமல், இன்டராக் என்னும் வங்கிப் பணப்பரிமாற்றம் மூலம் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். வாடகை சுற்றுவட்டாரத்தைவிட வெகு குறைவாக, படங்கள் மிக அழகாக, உரிமையாளர் வெளிநாட்டில், சாவி கூரியரில் வரும் என்றால் அது மோசடி. தரகர் என்று சொல்பவரின் பெயர் மாகாணத்தின் தரகர் ஒழுங்குமுறை அமைப்பான ரெக்கோவின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஊரிலிருந்தபடியே பார்த்துவிடலாம். கான்டோ வாடகையில் தரகுக் கட்டணத்தை வழக்கமாக உரிமையாளரே தருகிறார். இருந்தாலும் உங்கள் தரகரோடு கையெழுத்திடும் தாளில் அது யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது எனப் படித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தும் முதல் நாளும்

2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான தனியார் வாடகைகளுக்கு மாகாணத்தின் பொதுவான ஒப்பந்தப் படிவம் கட்டாயம். வெப்பம், தண்ணீர், ஹைட்ரோ, கார் நிறுத்துமிடம் ஆகியவற்றில் எது வாடகைக்குள் அடங்கும் என்பது அதில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒன்றையும் காலியாக விடாதீர்கள். ஓராண்டு ஒப்பந்தம் முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று பொருளல்ல. அது தானாகவே மாதாந்தர வாடகையாகத் தொடரும். சிலர் ஒப்பந்தத்தோடு சேர்த்து, ஓராண்டு முடிவில் வெளியேறச் சம்மதம் என்ற என்11 படிவத்திலும் கையெழுத்து வாங்குவார்கள். வீடு தருவதற்கான நிபந்தனையாக அப்படி வாங்கிய கையெழுத்து செல்லாது என்றாலும், கேட்கிறார் என்பதே அந்த உரிமையாளரைப் பற்றி ஒரு தகவல்.

சாவி வாங்கிய அன்று, பெட்டியை உள்ளே கொண்டுபோகும் முன், ஒவ்வொரு அறையின் தரையையும் கதவுகளின் அடிப்பகுதியையும் ஜன்னல் வலைகளையும் படமெடுத்து, அன்றைய தேதியிலேயே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். நாய் பிறாண்டியது என்ற பேச்சு பின்னால் எழுவது அந்த மூன்று இடங்களில்தான். எங்கள் வீட்டுப் பால்கனிக் கதவின் கீழ் ஏற்கெனவே நான்கு கீறல்கள் இருந்தன. மணி அப்போது திருச்சியில் முருங்கை மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தான். முதல் மாத வாடகைக்கும் கடைசி மாத வாடகைக்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஒப்பந்தத்தின் நகல் தேவைப்படும் என்பதால் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். நாய் வந்து சேர்ந்ததும் புதிய முகவரியில் நகராட்சி உரிமம் எடுத்துவிடுங்கள். டொராண்டோவில் அது நாய்க்கும் பூனைக்கும் கட்டாயம், கருத்தடை செய்யப்பட்ட விலங்குக்குக் கட்டணமும் குறைவு.